மேடையில் தேசபக்தி, கணக்கில் களவு: இதைப் பேசலாமா?

சத்துவாச்சாரி வாசகன்

தேசபக்தியை உரக்கப் பேசுகிறவரிடம் அவருடைய நாணயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், கேட்டவன் தேசத்துரோகி ஆகிவிடுகிறான். இந்தச் சுதந்திர தினத்தன்று அதைக் கண்ணெதிரே பார்த்தேன். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஊர் பெயர், ஆள் பெயர் வேண்டாம். வேலூரை ஒட்டிய ஒரு பகுதி, ஒரு கட்டட கான்ட்ராக்டர். ஆகஸ்ட் 15 வந்தால் அந்தத் தெரு முழுக்க அவர் பொறுப்பு. மூவண்ணத் தோரணம், பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், பாரத மாதாவுக்குப் பக்கத்தில் அவர் கைகூப்பி நிற்கும் பேனர், பிள்ளைகளுக்கு லட்டு. மைக்கைப் பிடித்தால் பனியில் நிற்கும் எல்லை வீரனில் தொடங்கி, நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று முடிப்பார். அவரிடம் சித்தாள் வேலை செய்த ஒரு அம்மா, சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இல்லை. விழுந்த வாரத்துக் கூலியே இன்னும் பாக்கி. லட்டு கொடுக்கும் நேரத்தில் அந்த அம்மாவின் மகன், காலேஜ் படிக்கிற பையன், மேடைக்குக் கீழே வந்து நின்று, “சார், எங்கம்மா கூலிய எப்ப சார் தருவீங்க?” என்று கேட்டான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவர் பதில் சொல்லவில்லை. மைக்கில், “நாட்டோட திருநாள் அன்னிக்கு கலாட்டா பண்ணணும்னே சிலர் வராங்க” என்றார். உடனே கூட்டம் பையனைப் பார்த்துக் கத்தியது. அதில் பாதிப் பேர் அவன் தெருக்காரர்கள். ஒருவர் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் அடுத்த பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

கான்ட்ராக்டரைவிட அந்தக் கூட்டத்தை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வேறொரு நாளில் வேறொரு இடத்தில் அவன் இதையே கேட்டிருந்தால், “பாவம்பா, குடுத்துடு” என்று நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். கொடிக்குக் கீழே நின்று கேட்டதால் கேள்வியே குற்றமாகிவிட்டது. நாட்டுக்கு உயிரைக் கொடுப்பேன் என்கிறவர், அந்த நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்கவில்லை. அப்படியானால் அவர் நேசிக்கும் நாட்டில் யார்தான் இருக்கிறார்கள்? உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


காட்பாடி ஜங்ஷன்

அண்ணா, அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தலைப்பு உறுத்துகிறது. கான்ட்ராக்டர் கூலியை ஏமாற்றினால் அது கூலி ஏமாற்று வேலை. அதற்கும் தேசபக்திக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? கும்பாபிஷேகத்துக்கு லட்ச ரூபாய் எழுதிவிட்டு மீட்டர் வட்டிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகச் சாமி கும்பிடுகிற எல்லோரையும் சந்தேகப்படுவோமா?

நானும் நண்பர்களும் வருஷா வருஷம் எங்கள் தெருவில் கொடி ஏற்றுகிறோம். பாட்டும் போடுவோம், சத்தமாகவே போடுவோம். அன்றைக்கே ரத்ததான முகாமும் நடத்துகிறோம். கொடி மேலே போய் முடிச்சு அவிழ்ந்து விரியும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதைப் பொய் என்று யார் சொல்ல முடியும்? அடுத்தவர் மனதுக்குள் புகுந்து பார்த்து, இது நிஜம், இது வேஷம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

இன்னொன்று. ஊருக்கும் ஒன்றும் செய்யாமல், கொடியும் ஏற்றாமல், கொடி ஏற்றுகிறவனைக் குறை சொல்வதையே வேலையாக வைத்திருப்பவர்கள் நிறைய பேர். சத்தம் போடாததாலேயே அவர்கள் யோக்கியர்கள் ஆகிவிடுவார்களா?


கம்மவான்பேட்டை சுபேதார்

காட்பாடித் தம்பிக்கு என் வாழ்த்து. ரத்தம் கொடுக்கிற பிள்ளைகளை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். எங்களுக்கு ஒரு போர் முழக்கம் உண்டு: “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” தொண்டை கிழியக் கத்துவோம். அதனால் சத்தத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் அந்த முழக்கத்தை எழுப்புகிறவன் அடுத்த நொடி முன்னால் ஓட வேண்டியவன். கத்தியதற்கு அவன் உடம்புதான் ஜாமீன். ஊரில் மைக்கைப் பிடித்துக் கத்துகிறவரிடம் நான் பார்ப்பது அந்த ஒன்றைத்தான். இவர் கத்தி முடித்ததும் ஓடப்போவது யார்? இவரா, இன்னொருத்தர் பெற்ற பிள்ளையா?

எங்கள் பக்கத்துக்கு ஒரு பையனின் உடல் பெட்டியில் வந்தது. பெட்டியின் மேல் கொடி போர்த்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. காவி நிறம் தலைமாட்டுப் பக்கம் வரவேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் வைத்து எரிக்கக் கூடாது. எடுத்து மடித்து வீட்டாரிடம் கொடுப்போம். அன்றைக்கு அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. அத்தனை கார், அத்தனை மாலை, அத்தனை முழக்கம். அப்புறம் அந்தப் பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருவதில் சிக்கல். ஆதாரில் அவள் பெயர் ஒரு மாதிரி, ரெக்கார்ட் ஆபீசில் வேறு மாதிரி. ஒரே ஒரு எழுத்து. அதைத் திருத்தக் கைக்குழந்தையோடு அலைந்தாள். மாலை போட்டவர்களில் ஒருவர்கூட ஒரு கடிதம் எழுதித் தரவில்லை. கூடப் போனவர் ரிட்டயர் ஆன ஒரு ஹவில்தார். முழங்கால் வலிக்காரர், பஸ்ஸில்தான் போவார். அவர் வீட்டு வாசலில் பேனர் எதுவும் கிடையாது.

தம்பி, மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது என்றாய். சரி. கை என்ன செய்கிறது என்று பார்க்கலாம் இல்லையா?


பாலாற்றங்கரை விவசாயி

சுபேதார் ஐயா சொன்ன கணக்கை எங்கள் பக்கத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, பல பேருக்கு வேலை தருகிறது, ஆனாலும் மண்ணையும் தண்ணீரையும் கெடுத்து ஜனங்களுக்கு நோயைக் கொடுக்க அதற்கு உரிமை இல்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

அந்தச் செலாவணிப் பேச்சைச் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். பம்ப்செட் போட்டால் வாய்க்காலில் நுரை பொங்கி ஓடும். தென்னையில் குரும்பை பிஞ்சிலேயே கொட்டிவிடும். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் எங்கப்பா காட்டினால், “நாட்டுக்கு டாலர் வருதுய்யா, அத்தப் பாரு” என்று அனுப்பிவிடுவார்கள். அதே வாசலில் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் கொடி ஏறும், எங்களுக்கும் மிட்டாய் தருவார்கள். மழை ராத்திரிக்காகக் காத்திருந்து கழிவைத் திறந்துவிட்டதும் அதே ஆட்கள்தான். இன்று பாலாற்றங்கரை ஊர்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஆற்றைச் சரிசெய்யுங்கள், கண்காணிக்கக் குழு போடுங்கள் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் கழித்து.

ஆற்றைக் கெடுத்தால் நாட்டைக் கெடுத்ததாக யாரும் சொல்வதில்லை. கொடியைத் தலைகீழாகக் கட்டிவிட்டால் மட்டும் கேஸ். இது எனக்கு இன்னும் புரியவில்லை.


ஆம்பூர்க்காரன்

விவசாயி அண்ணன் சொன்னது உண்மை. அந்த டேனரிகளில் எங்கள் சமுதாயத்தார் நடத்துவதும் உண்டு, மற்றவர்கள் நடத்துவதும் உண்டு. கொடி எல்லா வாசலிலும் ஏறுகிறது. நான் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவன், அந்தத் தொழிலில் வரும் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால் எனக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வேறொரு விஷயம் சொல்ல வேண்டும். கையைப் பார்க்கலாம் என்றார் சுபேதார் ஐயா. என் கையையும் பார்க்கிறார்கள் ஐயா, ஆனால் வேறு மாதிரி. இந்தியா பாகிஸ்தான் மேட்ச் அன்று டீக்கடை டிவி முன்னால் நிற்பேன். நம்ம ஆள் சிக்ஸர் அடித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். தட்டிக்கொண்டே இரண்டு பேராவது திரும்பி என் கையைப் பார்ப்பார்கள். சின்ன வயதிலிருந்து கூட விளையாடியவர்கள்தான். கெட்ட எண்ணத்தில் பார்ப்பதாகக்கூடச் சொல்லமாட்டேன். பழக்கமாகிவிட்டது.

எங்கள் மதரஸாவில் ஆகஸ்ட் 15-க்குக் கொடி ஏற்றுகிறோம். எனக்கு அது பிடித்த நாள். ஆனால் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காமல் விட்டால் யாராவது எதாவது நினைப்பார்களோ என்று ஒரு யோசனை ஓடும். காட்பாடித் தம்பி, உங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசை. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிலிர்க்குமா, சொல்லுங்கள்.


மட்டுறுத்துநர்

“பிடிக்கலன்னா நாட்டை விட்டுப் போ” என்ற ஒரு வரிப் பதிவை நீக்கியிருக்கிறேன். கருத்துக்குக் கருத்து எழுதுங்கள். எழுதியவருக்குத் தனிச்செய்தி அனுப்பியாகிவிட்டது.


காட்பாடி ஜங்ஷன்

அந்தப் பதிவு நான் போட்டது இல்லை பாய். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். டீக்கடையில் நானும் நின்றிருக்கிறேன், பார்க்கிற பக்கத்தில். அதற்கு மேல் இப்போது எழுதத் தெரியவில்லை.


வாலாஜா டீச்சர்

பள்ளிக்கூடத்தில் தினமும் இதைப் பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது சில பிள்ளைகள் உரக்கப் பாடும், சில பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைக்கும், கூச்சப்படுகிற பிள்ளை சும்மா நிற்கும். இதில் எந்தப் பிள்ளைக்கு நாட்டின் மேல் அன்பு என்று என்னால் சொல்ல முடியாது. யார் பக்கத்துப் பையனின் சத்துணவுத் தட்டில் இருக்கும் முட்டையை எடுத்துக்கொள்கிறான், யார் தன் முட்டையில் பாதியைக் கொடுக்கிறான் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கேரளாவில் மூன்று குழந்தைகள் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். அவர்கள் மத நம்பிக்கை பாட அனுமதிக்கவில்லை. 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றதே மரியாதைதான், பாட வைத்துத்தான் தீருவேன் என்பது சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 30 வருஷம் கழித்து, 2016 நவம்பரில், சினிமா தியேட்டர்களில் கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2018 ஜனவரியில் கட்டாயமில்லை என்று மாற்றியது. அந்த 2016 உத்தரவு வருவதற்குச் சில வாரம் முன்னால் கோவாவில், எழுந்து நிற்கவே முடியாத, சக்கர நாற்காலியில் வாழ்கிற ஒருவரைத் தியேட்டரில் அடித்தார்கள். அடித்தவர்கள் நாட்டுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள். முன்னால் இருப்பவருக்கு என்ன கஷ்டம் என்று ஒரு நிமிஷம் குனிந்து பார்க்க அவர்களுக்கு முடியவில்லை.

நாம் கோட்டை ஊர்க்காரர்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் என்ன? தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, காதுக் கடுக்கனைக் கழற்று என்ற உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் காவலில் இருந்தது, சம்பளக் குறை என்று வேறு காரணங்களும் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்று காலையே அடக்கினான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். மெட்ராஸ் கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்தது. மக்கான் பக்கம் அந்தச் சிப்பாய்களின் நினைவுத்தூணைக் கடந்துதான் தினமும் எத்தனையோ பேர் போகிறோம். நம் ஊரின் மிகப் பெரிய தேசபக்திக் கதையே, நீ யாரென்று உன் உடம்பில் நான் சொல்கிறபடி காட்டு என்ற கட்டளைக்கு மறுப்புச் சொன்ன கதை.


காட்பாடி ஜங்ஷன்

டீச்சர், ஒரு சந்தேகம். அது வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு. இது நம்முடைய கொடி, நம்முடைய பாட்டு. இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா?


வாலாஜா டீச்சர்

ஒன்றாக வைக்க முடியாது தம்பி, சரியான கேள்வி. கொடி நம்முடையது என்பதால்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. அந்நியன் சொன்னதை மறுத்தால் எதிரிக்கு மறுப்பு. நம்முடையதைக் காட்டி நம் ஆளையே மிரட்டினால், மிரண்டவனுக்குப் போக வேறு நாடு இல்லை.


குடியாத்தம் தறி

எங்கள் ஊரில் நெய்த கொடி டெல்லிக்குப் போனது என்று பெரியவர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் வளர்ந்தவன் நான்.

கொடிச் சட்டப்படி கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் கொடி இருக்க வேண்டும் என்று நீண்ட காலம் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அதைத் திருத்தினார்கள். பாலியஸ்டரும் ஆகலாம், மெஷினில் செய்ததும் ஆகலாம் என்று ஆனது. அடுத்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி, போஸ்ட் ஆபீசில் 25 ரூபாய். அதனால் கூரை வீட்டிலும் கொடி ஏறியது, அதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் ஏற்றினேன். ஆனால் கடைகளில் குவிந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. சக்கரம் நடுவில் இல்லை. ஒரு பக்கம் அச்சு தெளிவாக இருக்கிறது, மறுபக்கம் மங்கல். ஓரம் மடித்துத் தைக்கவில்லை, நூல் பிரிகிறது. அளவு மூன்றுக்கு இரண்டு இருக்க வேண்டும், அதுவும் இல்லை. அதையே கட்டுக்கட்டாக வாங்கிப் பைக்கில் செருகிக்கொண்டு போனார்கள்.

16-ஆம் தேதி காலையில் சாக்கடையோரம், குப்பைத் தொட்டி, பள்ளிக்கூட வாசல் எல்லா இடத்திலும் கொடி. கிழிந்த கொடியைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, தனியாக வைத்து மரியாதையோடு முழுசாக எரித்துவிட வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பொறுக்கி எடுத்தது துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களில் பல பேருக்குக் கான்ட்ராக்ட் சம்பளம், அதுவும் தேதிக்கு வராது. கொடிக்கு உண்மையில் மரியாதை செய்தது அன்றைக்கு அவர்கள்தான்.


அணைக்கட்டு வார்டு

நான் ஒரு ஊராட்சி வார்டு உறுப்பினர், காலனிக்காரன். உரக்கப் பேசும் தேசபக்தியைப் பற்றிப் பேசும்போது, கொடியின் கயிற்றை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் பேச வேண்டும்.

2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைக் கொடி ஏற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அவர் கையால் ஏற்ற வைத்தார். 2022-ல் எங்கெல்லாம் தலித் தலைவர்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் எந்தப் பாகுபாடும் இல்லாமல் அவர்களே கொடி ஏற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து 75 வருஷம் ஆன ஆண்டு அது. அப்படிப்பட்ட ஊர்களில் கொடிக்குக் குறை இருந்திருக்காது. பாட்டுக்கும் குறை இருந்திருக்காது.

அப்புறம் இன்னொரு விஷயம். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையும் உண்டு. காலையில் கொடி ஏற்றும்போது கூட்டம் நிறைய இருக்கும், மிட்டாய் கொடுத்ததும் பாதி கலையும். 11 மணிக்குக் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைப் படிப்பார்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு, நூறு நாள் வேலையில் யாருக்குப் பாக்கி என்று கேட்க வேண்டிய இடம் அது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும் என்பது விதி. எங்கள் பக்கம் பல முறை நோட்டில் கையெழுத்து இருக்கும், தரையில் ஆள் இருக்காது. காலையில் அதிகம் கத்தியவர்கள் அந்த நேரத்தில் ஒருவர்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கணக்குக் கேட்டால் பகை வரும். கோஷம் போட்டால் வராது.


சத்துவாச்சாரி வாசகன்

எல்லோருக்கும் நன்றி. காட்பாடித் தம்பி முதலில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சத்தம் போடாதவர் எல்லாம் யோக்கியரா என்று கேட்டார். இல்லை. அந்தப் பையனைத் தள்ளிக்கொண்டு போனபோது வாயைத் திறக்காமல் நின்றவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனாலும் கூலி கேட்டவனின் வாயை அடைத்தது மௌனமாக நின்றவர்கள் கிடையாது. மைக்கும் கொடியும் கையில் இருந்தவர். அதனால்தான் அவரிடம் முதலில் கேட்கிறேன்.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 18 அன்று நாம் ஓட்டுப் போட வேண்டும். பணம் பிடிபட்டு, ஏப்ரல் 16 அன்று வேலூர்த் தொகுதித் தேர்தலையே ரத்து செய்தார்கள். பணப் பட்டுவாடாவால் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. புல்வாமா தாக்குதல் நடந்து இரண்டே மாதம் ஆன நேரம் அது. எல்லாக் கட்சி மேடையிலும் நாடு, ராணுவம், தியாகம் என்ற பேச்சுதான். கவர் வாங்கியவர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். இதே வேலூர் சிறையில் 1922 ஜனவரியில் இருந்தபோது ராஜாஜி நாட்குறிப்பில் எழுதினார்: சுயராஜ்யம் வந்தவுடனே எல்லாம் நன்றாகிவிடாது, தேர்தலும் அதன் ஊழலும், பணத்தின் கொடுமையும் வாழ்க்கையை நரகமாக்கும் என்று. சிறைக்குள் இருந்தவருக்கே நாட்டைப் பற்றிக் கேள்வி இருந்தது. அதற்காக அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை.

அந்த 2019 ஆகஸ்டில் நடந்தவை என் மனதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 5-ஆம் தேதி, ரத்தான அந்தத் தேர்தல் நடந்தது. 15-ஆம் தேதி சுதந்திர தின உரையில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு, பட்டாசு, இனிப்பு. அதே மாதத்தில்தான் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். வீடியோ நாடு முழுக்கப் போனது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நம் மாவட்டத்தில் அத்தனை கொடிக்கம்பம் இருந்தும் அந்த உடலைத் தோளில் சுமந்து போக ஒரு பாதை இல்லை. தேசபக்தி என்று யார் பேச்செடுத்தாலும் அந்தக் கயிறுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.


காட்பாடி ஜங்ஷன்

அண்ணா, கொடி ஏற்றுவதை நான் விடப்போவதில்லை. பாட்டும் போடுவேன். ஆனால் எங்கள் முகாமுக்கு நன்கொடை தருகிறவர்களின் பட்டியலை நேற்று எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்திருப்பது ஊருக்கே தெரியும். பேனரில் அவர்கள் படத்தைப் போட்டது நாங்கள். அடுத்த முறை போடக் கூடாது என்று நண்பர்களிடம் சொன்னேன். சண்டை வந்தது, இன்னும் முடியவில்லை.

அந்தப் பையன் எங்கே இருக்கிறான்? கூலி விஷயத்தில் எதாவது செய்ய முடியுமா?


ஆம்பூர்க்காரன்

நிச்சயம் முடியும். நல வாரியத்தில் பதிவு இல்லாவிட்டாலும், வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தந்தாக வேண்டும். 1923-லிருந்தே இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. கான்ட்ராக்டர் கைவிரித்தால் வேலை கொடுத்த கட்டட உரிமையாளரிடமும் கேட்க வழி உண்டு. விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் துறையில் மனு போட வேண்டும், அதைத் தாண்டவிடாதீர்கள். கூலி பாக்கிக்குத் தனி மனு. ஆஸ்பத்திரியில் முதல் நாள் எழுதிய ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், மிக முக்கியம். சாரத்திலிருந்து விழுந்ததாக அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று எழுதச் சொல்லி மிரட்டியிருப்பார்கள், பல இடத்தில் அதுதான் நடக்கிறது.


சத்துவாச்சாரி வாசகன்

பையனிடம் பேசிவிட்டேன். ஏ.ஆர். காப்பியில் சாரம் என்றுதான் இருக்கிறதாம். கூட வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயார், ஆனால் தனியாக வரப் பயப்படுகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்வு நாள். அங்கேயும் ஒரு மனு கொடுத்துவிட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம்.


காட்பாடி ஜங்ஷன்

நானும் மூன்று நண்பர்களும் வருகிறோம். சாட்சிகளை வீட்டிலிருந்து பைக்கில் கூட்டி வந்து திரும்ப விடுவது எங்கள் பொறுப்பு. அம்மாவுக்கு மறுபடி ஆபரேஷன் என்றால் ரத்தமும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.


கம்மவான்பேட்டை சுபேதார்

நானும் வருகிறேன். மனுவை மூன்று நகல் எடுங்கள். கொடுத்ததும் ரசீது எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒன்பதரைக்கே போனால் வரிசையில் முன்னால் நிற்கலாம். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பென்ஷன் கேஸ்களுக்கு எழுதி எழுதி எனக்குக் கை பழகியிருக்கிறது.